பூட்டிய நிலையத்தில் ஒரு குரல்

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு ரேடியோக்காரர் வியாழக்கிழமைக்கான காலை வணக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே மழை பெய்தது. பதிவறைக்குள் அது கேட்கவில்லை. சுவரெங்கும் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முன்பெல்லாம் நான்கு பேர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு இவரைக் கிண்டல் செய்வார்கள். இப்போது அங்கே ஒரு கணினி மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒலிவாங்கியை வாயருகே இழுத்து, இன்றைக்கு வியாழக்கிழமை, உற்சாகமாகத் தொடங்கலாம் என்றார். குரலில் ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டார். இருபது வருடப் பழக்கம். மனது எப்படிக் கிடந்தாலும் ஒலிவாங்கியைக் கண்டால் சிரிப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான்கு மணி நேர நிகழ்ச்சி முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டுகளைக் கணினி போட்டுக்கொள்ளும். பாட்டுக்கு முன்னும் பின்னும் பேச வேண்டியதைத் தலைமையகம் தாளில் எழுதி அனுப்பிவிடும். அதைப் பார்த்துப் பேசுவதுதான் வேலை. அதே பதிவு ஆறு ஊர்களில் ஒலிக்கும். ஆகவே ஊர்ப் பெயர் சொல்லக் கூடாது. மழை, வெயில் என்று வாய் தவறியும் பேசக் கூடாது. அந்த ஆறு ஊர்களில் ஐந்தை அவர் கண்ணால் கண்டதில்லை.

ஊரிலிருந்த ஒரு பல் மருத்துவர் ஆசைக்குத் தொடங்கிய நிலையம் அது. அந்தக் காலத்தில் எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்தப் பள்ளிக்கு விடுமுறை, யாருக்கு என்ன வகை ரத்தம் தேவை என்று காலையில் ரேடியோக்காரர் சொன்னால்தான் ஊருக்குப் பொழுது விடியும். காணாமல்போன பசுமாட்டைக் கூட அவர் குரல் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. ஒலி மட்டும் கரகரவென்று இருக்கும். மருத்துவர் இறந்தபின், முந்நூறு நிலையங்கள் வைத்திருந்த ஒரு பெரிய நிறுவனம் அதை வாங்கியது. புதுக் கருவிகள் வந்தன. குளிர்சாதனம் வந்தது. ஒலி கண்ணாடி போலத் தெளிந்தது.

நிறுவனத்தின் வட்டார மேலாளர் முதல் கூட்டத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். "ஒரு பெரிய மளிகைக் கடையை நினைச்சுக்கோங்க. எந்த ஊர்க் கிளைக்குள்ள போனாலும் சோப்பு மூணாவது வரிசையில இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். ரேடியோவும் அப்படி ஆகணும். எந்த ஊர்ல திருப்பினாலும் அதே பாட்டு, அதே சிரிப்பு."

எல்லாரும் கைதட்டினார்கள். ரேடியோக்காரரும் தட்டினார். ஒரே வருடத்தில் பதினோரு பேரில் இவர் ஒருவர் மட்டும் மிஞ்சினார். கடைசியாகப் போனவர் காவலாளி. அவர் இருந்த இடத்தில், அட்டையைக் காட்டினால் திறக்கும் ஒரு பூட்டு வந்தது.

மேலாளர் சொன்ன உவமை இவருக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது. அதைச் சொல்லிச் சிரிக்கச் சரியான ஆளும் உறவிலேயே இருந்தார். இவருடைய மனைவியின் அண்ணன். ஊருக்கு அவர் மளிகைக்காரர். சந்தை முனையில் இருபத்தாறு வருடம் கடை வைத்திருந்தவர். நெடுஞ்சாலை ஓரத்தில் பேரங்காடி ஒன்று கிளை திறந்தபோது, இனி அலைய வேண்டாம், எல்லாம் ஒரே கூரையின்கீழ் என்று நாளுக்குப் பன்னிரண்டு தடவை ரேடியோவில் ஒலித்த விளம்பரக் குரல் இவருடையதுதான். அதற்காக மனைவி ஒரு வாரம் இவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மளிகைக்காரர்தான் தங்கையைச் சமாதானப்படுத்தினார். அது அவர் வேலை, அவர் படிக்காவிட்டால் இன்னொருவர் படித்திருப்பார் என்றார். எட்டு மாதத்தில் கடையை மூடினார். இப்போது அதே பேரங்காடியில் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு அலமாரித் தட்டுகளில் சாமான் அடுக்குகிறார். ஊர் மட்டும் அவரை இன்னும் மளிகைக்காரர் என்றே கூப்பிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் மேலாளரின் பேச்சை நடித்துக்காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். மளிகைக்காரர் தட்டைப் பார்த்தபடியே, "சரியாத்தான் சொல்லியிருக்கார் மாப்பிள்ளை," என்றார். "எங்க கடையில எந்தத் தட்டுல எது இருக்கணும்னு எங்களுக்கே தெரியாது. மேலிடத்துலேருந்து படம் வரும். படத்துல இருக்கறபடி அடுக்கணும். போன வாரம் ஆத்தோரத் தோட்டக்காரர் தக்காளி கொண்டுவந்தார். அப்படி ஒரு தக்காளி. வாங்கற அதிகாரம் எங்களுக்கு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டோம். அவர் என் முகத்தைப் பார்த்துட்டே போனார்."

தன் கதையும் அதேதான் என்று ரேடியோக்காரர் சொன்னார். உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து பாடிப் பதிவு செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எந்தப் பாட்டை எத்தனை தடவை போடுவது என்பதெல்லாம் எங்கோ தீர்மானமாகி வருகிறது.

மளிகைக்காரரின் மனைவி எதிலும் இரண்டு பக்கத்தையும் பார்த்துப் பேசுகிறவள். ரேடியோக்காரருக்குத் தங்கை முறை. அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சிறுநீரகக் கோளாறு வந்து தேறி, வீட்டோடு இருந்தாள். பேச்சுத் துணைக்கு ஜன்னலோரம் ஒரு சின்ன ரேடியோ. "விலை கம்மியாத்தானே இருக்கு, அதையும் சொல்லணும்ல," என்றாள். "உங்க குரலும் முன்னைக்கு இப்ப எவ்வளவு தெளிவாக் கேக்குதுண்ணே. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

"சாதாரண நாள்ல ஒரு குறையும் இல்ல," என்று சொல்லிவிட்டு மளிகைக்காரர் கை கழுவ எழுந்துபோனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தொடங்கிய மழை புதன்கிழமை புயலானது. சாயங்காலம் கைபேசி இன்னும் உயிரோடு இருந்தபோது ரேடியோக்காரர் வட்டார மேலாளரை அழைத்து, நிலையத்துக்குப் போய் நேரடியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், வானிலையைத் தலைமையகத்தில் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பதில் வந்தது. ஊருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் கதகதப்பாக இருந்தது. நம் கடமை முடிந்தது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மின்சாரம் இல்லை. கைபேசிக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டதால் கைபேசிகள் வெறும் டப்பாக்களாகிக் கிடந்தன. ஊரில் உயிரோடு இருந்தது பேட்டரியில் ஓடும் ரேடியோக்கள்தான். நிலையத்துக்கும் குன்றின் மேலிருந்த ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் தனித்தனியாக ஜெனரேட்டர் இருந்தது. வீட்டுக்கு வீடு பெட்டியைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, ஏதாவது சொல்வார்களா என்று காதை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோக்காரர் கொல்லைப்புறக் கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தபோது வாசல் கதவு தடதடத்தது. தண்ணீர் நிலையத்தின் பொறியாளர். முழங்கால்வரை சேறு. ரேடியோ நிலையத்துக்கு மாற்றுச் சாவி இந்த வீட்டில் இருக்குமா என்று கேட்க வந்தவர், நுரை பூசிய முகத்தைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு ரேடியோவில் அதே முகத்தின் குரல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது.

"நீங்க இங்கயா இருக்கீங்க?" என்றார் பொறியாளர். "அரை மணி நேரமா அந்தக் கதவைத் தட்டினேன். உள்ள நீங்க பேசறது நல்லாக் கேட்டுது. காதுல விழலையா, இல்ல கொழுப்பான்னு திட்டிட்டு வரேன்."

விஷயத்தை அவர் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். வெள்ளத்தில் பூச்சிமருந்துக் கிடங்கின் சுவர் இடிந்து, மூட்டை மூட்டையாக மருந்து நீர்த்தேக்கத்தில் கரைந்துவிட்டது. தண்ணீர் வழியை அடைத்தாயிற்று. ஆனால் ஏற்கெனவே குழாய்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் ஏறிய தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது, கொதிக்கவைத்தாலும் கூடாது.

ரேடியோக்காரருக்கு முகத்தைத் துடைக்கவும் நேரமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பொறியாளரின் வண்டியில் ஏறினார்.

அட்டையைக் காட்டியதும் நிலையக் கதவு திறந்தது. உள்ளே கூடத்து ஒலிபெருக்கியில் இவர் குரல் பேசிக்கொண்டிருந்தது. உடல்நலக் குறிப்பு என்று தலைமையகம் அனுப்பிய தாளிலிருந்து செவ்வாய்க்கிழமை இவர் சிரித்துக்கொண்டே படித்ததுதான் அது. எழுந்ததும் வெறும் வயிற்றில் ரெண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்க, நாள் முழுக்கத் தெம்பா இருக்கும்.

பொறியாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

நேரடியாகப் பேச அங்கே வழியே இல்லை. அதற்கான மேசையைச் சென்ற வருடமே கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நிலையத்தின் பழைய கம்பித் தொலைபேசியில் தலைமையகத்தை அழைத்தார். பாட்டுக்கு ஒன்று, விளம்பரத்துக்கு இரண்டு, புகாருக்கு மூன்றை அழுத்தவும் என்றது ஒரு பதிவுக் குரல். கடைசியில் கிடைத்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, புகார் எண்ணைக் கொடுத்தாள். நிகழ்ச்சியை நிறுத்த இயக்குநர் அனுமதி வேண்டும், அவர் கூட்டத்தில் இருக்கிறார் என்றாள். இங்கே ஆட்கள் செத்துப்போவார்கள் அம்மா என்றார் இவர். புரிகிறது ஐயா, அவசரம் என்று குறித்திருக்கிறேன் என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கையிலும் ஒன்றும் இல்லை.

பொறுக்க முடியாமல் ரேடியோக்காரர் கணினிக்குப் பின்னால் போய்க் கம்பிகளைப் பிடுங்கினார். குரல் அறுந்தது. ஏழு விநாடி அமைதி. பிறகு, இப்படி ஏதாவது நடந்தால் காற்று காலியாகக் கிடக்கக் கூடாது என்று குன்றின் மேல் வைத்திருந்த மாற்று இயந்திரம் விழித்துக்கொண்டு, அதே பாட்டையும் அதே குரலையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. குன்றுக்குப் போகும் சாலை வெள்ளத்தில் இருந்தது.

விளையாட்டு மைதானத்திலிருந்த ஒலிபெருக்கியை வண்டியில் கட்டிக்கொண்டு இருவரும் தெருத்தெருவாகக் கிளம்பினார்கள். தண்ணீர் குடிக்காதீர்கள் என்று ரேடியோக்காரர் கத்தினார். ஜனங்கள் வாசலுக்கு வந்து இவரையும் கையிலிருந்த ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லையே, நீங்களே இப்போதுதானே குடிக்கச் சொன்னீர்கள் என்று ஒரு கிழவர் கேட்டார். அது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் மென்று விழுங்கினார்.

செய்தி பரவியதும் ஊர் பேரங்காடிக்கு ஓடியது. அங்கே புட்டித் தண்ணீர் கூரை முட்ட அடுக்கியிருந்தது. ஆனால் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. கணினி ஓடாததால் விற்க முடியாது. விற்காமல் கொடுக்கத் தலைமையகம் சொல்ல வேண்டும். தலைமையகத்தை அழைக்கக் கைபேசி வேலை செய்யவில்லை. கிளை மேலாளர் வெளியூர்ப் பெண், வேலைக்கு வந்து நான்கு மாதம். அவள் கையைப் பிசைந்துகொண்டு அழுதாள். கதவுக்கு வெளியே கைக்குழந்தைகளோடு ஆட்கள் நின்றார்கள்.

நீங்கள் உத்தரவு போட வேண்டாம், உள்ளே போய் உட்காருங்கள், எதையும் பார்க்காதீர்கள் என்று மளிகைக்காரர் அவளிடம் சொன்னார். பிறகு கதவைத் திறந்து, தள்ளுவண்டியில் புட்டிகளை ஏற்றிக்கொண்டுவந்து, குழந்தை வைத்திருந்தவர்களுக்கு முதலில் என்று கொடுக்க ஆரம்பித்தார். யார் வீட்டில் எத்தனை பேர் என்பது இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அவருக்குத் தெரியும். யாரும் தள்ளவில்லை, யாரும் கூடக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் அவர் நிமிரவே இல்லை. தன் வீடு மேட்டுத் தெருவில், மனைவி எப்போதும் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பாள், அது பழைய தண்ணீர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மேட்டுத் தெருவுக்கு ஒலிபெருக்கி வண்டி கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது. மச்சான் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சமையலறை வாசலில் அவள் சுருண்டு கிடந்தாள். நினைவு இருந்தது, பேச்சு வரவில்லை. ஜன்னலோரம் ரேடியோவில் பாட்டு முடிந்து இவர் குரல் வந்தது. ரேடியோக்காரர் அதை எடுத்து அணைத்தார்.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவள் இறந்தாள். ஊரில் மொத்தம் ஒன்பது பேர். வராந்தாவில் மளிகைக்காரர் பச்சைச் சட்டையோடே உட்கார்ந்திருந்தார். மாற்றுச் சட்டை கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. ரேடியோக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மளிகைக்காரர்தான் பேசினார். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"பக்கத்து வீட்டம்மா வந்து, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதேன்னு கேட்டிருக்காங்க. அண்ணன் ரேடியோவுல பேசிக்கிட்டுத்தானே இருக்கார், ஏதாவது ஆகியிருந்தா நமக்குச் சொல்லாம இருப்பாரான்னு இவ சொல்லியிருக்கா மாப்பிள்ளை. சொல்லிட்டுத்தான் குடிச்சிருக்கா."

ரேடியோக்காரர் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அழுகை வரவில்லை.

அடுத்த வாரம் இரண்டு கடிதங்கள் வந்தன. அனுமதியின்றிச் சரக்கை வெளியேற்றியதற்காக மளிகைக்காரரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது பேரங்காடி. ரேடியோ நிறுவனத்தின் கடிதத்தில் ஓர் இரங்கல் செய்தி இருந்தது. ரேடியோக்காரர் அதைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். அன்பானவர்களை இழந்து வாடும் நேயர்களே என்று தொடங்கிய அதில் ஊர்ப் பெயர் இல்லை, இறந்தவர்கள் எண்ணிக்கை இல்லை, தண்ணீர் என்ற சொல்லும் இல்லை. பிற்பாடு வேறு ஊருக்கும் உதவும் என்று அடியில் குறிப்பு இருந்தது. அவர் அந்தத் தாளை நான்காக மடித்து, நிலையத்தின் அட்டையையும் உள்ளே வைத்து, அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

நகர மண்டபத்தில் விசாரணை நடந்தது. ரேடியோ நிறுவனமும் பேரங்காடியும் வழக்கறிஞர்களை அனுப்பியிருந்தன. கிடங்குச் சுவர் இடிந்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல, தங்கள் பக்கம் ஒரு விதியும் மீறப்படவில்லை என்று இருவரும் அடுத்தடுத்துச் சொன்னார்கள். சொன்ன விதம்கூட ஒன்றுபோலவே இருந்தது. ஏதாவது சொல்ல விரும்புகிறவர்கள் யாராவது உண்டா என்று விசாரணை அதிகாரி கேட்டபோது ரேடியோக்காரர் எழுந்தார். கடைசி வரிசையில் மளிகைக்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தால் பேச முடியாது என்று ரேடியோக்காரர் முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவங்க விதி எதையும் மீறலைங்கறது உண்மைதான். நான் மறுக்கலை. அந்தக் கடை வந்தப்போ விலை குறைவுன்னு கூவினது நான். இந்தக் கம்பெனி வந்தப்போ சத்தம் தெளிவுன்னு கைதட்டினதும் நான். ரெண்டும் பொய்யில்ல. ஆனா அந்த வியாழக்கிழமை கடை நிறையத் தண்ணி இருந்துச்சு, எடுத்துக் குடுக்க ஒருத்தருக்கும் உரிமை இல்ல. ரேடியோ நிறையப் பேச்சு இருந்துச்சு, குடிக்காதீங்கன்னு சொல்ல ஒரு வாய் இல்ல. பெரிய கடையும் பெரிய ரேடியோவும் ஒண்ணுதாங்க. சாதாரண நாள்ல எல்லாம் கிடைக்கும். ஆபத்துன்னு ஓடினா கதவைத் திறக்க ஆள் இருக்காது. ஊரு சாப்பிடறதுக்கும் ஊரு கேக்கறதுக்கும் பதில் சொல்ல ஊருக்குள்ளயே ஒரு ஆள் இருக்கணும். அந்த ஆளை விட்டுக்குடுத்துட்டு எதை எவ்வளவு மலிவா வாங்கினாலும் நாமதான் சாகணும்."

விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்தி, தண்ணீர் குடிக்கச் சொன்ன குரல் இவருடையது என்பது பதிவானால் இவர்மீதும் வழக்கு வரலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று தாழ்ந்த குரலில் எச்சரித்தார்.

"யோசிச்சுட்டேங்க," என்றார் ரேடியோக்காரர். "ஒன்பது பேர் செத்ததுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் பதில் சொல்லல. என் குரல்ல சொன்னதுக்காவது நான் பதில் சொல்றேன். எழுதிக்கோங்க."